ஆறு முக்கோணம் சேர்த்தும் அறுகோணம் மூடவில்லை என்றால்

சதுரத் தாளை மடித்துச் செய்யும் ஆறு சமபக்க முக்கோணங்களைச் சேர்த்தும் அறுகோணத்தில் இடைவெளி விழுகிறது என்றீர்கள். முக்கோணத்தின் உச்சி தாளின் மேல் விளிம்பில் வரக்கூடாது. உங்கள் 15 செ.மீ. சதுரத்தில் அது சுமார் 2 செ.மீ. கீழே இருக்க வேண்டும்.

இரு கீழ் மூலைகளிலிருந்தும் மேல் விளிம்பின் நடுப்புள்ளிக்கு மடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் உச்சிக் கோணம் 53 டிகிரிதான். ஆறு சேர்ந்தும் 41 டிகிரி திறந்தே கிடக்கும்.

தாளை நெடுக்காகப் பாதியாக மடித்துப் பிரியுங்கள். அப்புறம் கீழ் இடது மூலையை விரலால் அழுத்திக்கொண்டு, கீழ் வலது மூலையைத் தூக்கி நடுக்கோட்டின் மேல் வையுங்கள். நுனி தொடும் இடம்தான் உச்சி. அங்கிருந்து இரு கீழ் மூலைகளுக்கும் மடித்தால் மூன்று பக்கமும் 15 செ.மீ. வரும். ஸ்கேல் வைத்துப் பாருங்கள், ரொம்ப அழகாக உட்காரும்.

பெங்களூரு அவென்யூ ரோட்டுக் கடைகளில் பெரிய தாளை வெட்டி வாங்கியிருந்தால், முதலில் மூலைக்கு மூலை மடியுங்கள். விளிம்புகள் பொருந்தாவிட்டால் அது சதுரமே இல்லை, 2 செ.மீ. கணக்கும் ஒத்துவராது.