எச்-1பி விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் வேலை செய்கிறேன், மனைவி எச்-4 விசாவில் இருக்கிறார். பக்கத்து வீட்டில் திருடர்கள் புகுந்ததிலிருந்து, பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று நினைக்கிறோம். அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் ஆயுத உரிமையை ‘மக்கள்’ அனைவருக்கும் கொடுத்திருக்கிறது, அது இயற்றப்பட்ட காலத்துப் பொருளும் அதுதான் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார், கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர். தேவைப்பட்டால் தன் பெயரில் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்களும் வாங்க வேண்டாம். நண்பரையும் வாங்க விட வேண்டாம். அரசியல் சாசனத்தைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பி இறங்கினால் வேலை, விசா இரண்டும் போய்ச் சிறைக்கும் செல்ல நேரலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1791-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். ஒழுங்குபடுத்தப்பட்ட குடிமக்கள் படை சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு அவசியம் என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்று முடிகிறது. முற்பகுதி பிற்பகுதியைக் கட்டுப்படுத்துகிறதா என்பதே நெடுங்கால வழக்கு. படைக்கடமையோடு பிணைந்த உரிமையே இது என்போருக்கு வலுவான சான்றுகள் உண்டு. 1789-இல் ஜேம்ஸ் மேடிசன் (பின்னாளில் அமெரிக்க அதிபரானவர்) இந்தத் திருத்தத்துக்காக முன்வைத்த வரைவில், மதக் கொள்கையால் ஆயுதம் ஏந்த மறுப்பவரைப் படைச்சேவைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற பகுதியும் இருந்தது. 1792-ஆம் ஆண்டுச் சட்டமோ படையில் சேர்க்கப்பட்டவர் துப்பாக்கி, பயனெட் (துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தி), தோட்டாக்களைத் தம் செலவிலேயே கொண்டுவர வேண்டும் என்றது. மறுபக்கம், பென்சில்வேனியாவின் 1776-ஆம் ஆண்டு உரிமைப் பிரகடனம் ‘தங்களையும் மாநிலத்தையும் காக்க’ ஆயுதம் ஏந்தும் உரிமையைப் பேசியது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பு, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், இது படைக்கடமையைச் சாராத தனிநபர் உரிமை, வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பதும் அதில் அடங்கும் என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸின் மாறுபட்ட தீர்ப்பே வரலாற்றுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஆனால் இன்று செல்லும் சட்டம் பெரும்பான்மைத் தீர்ப்புதான்.

நண்பர் விட்டுவிட்ட பாதி இனிமேல்தான். அதே ஹெல்லர் தீர்ப்பு, இந்த உரிமை வரம்பற்றதல்ல என்றும், ‘மக்கள்’ என்ற சொல் அரசியல் சமூகத்தின் உறுப்பினர்களையே குறிக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. தற்காலிக விசாவில் வந்தவர் அதில் அடங்குவாரா என்பதில் கீழ் நீதிமன்றங்கள் ஒருமித்துப் பேசவில்லை. உச்ச நீதிமன்றத்தின் 2022-ஆம் ஆண்டு புரூவன் தீர்ப்புக்குப் பிறகு, ஒரு கட்டுப்பாடு செல்லுமா என்பதைப் பழைய வரலாற்று மரபோடு ஒப்பிட்டே நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. அந்த வரலாற்றிலேயே, 1777-இல் பென்சில்வேனியா தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே ஆதிப் பொருளை வலியுறுத்துவது உங்களுக்குச் சாதகமாகத்தான் முடியும் என்று எண்ண வேண்டாம்.

உங்களைக் கட்டுப்படுத்துவது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 922-ஆவது பிரிவு. குடியேற்றமல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே அதன்படி குற்றம். எச்-1பி, எச்-4 இரண்டும் இதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டுகள் வரை சிறை. தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தவும் அது போதும். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றில்லை. சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் போதும். மாணவர் தகுதியை இழந்த ரெஹைஃப் என்பவர்மீது ஃபுளோரிடாவில் வழக்கு வந்ததே சுடுதளத்தில் சுட்டதற்காகத்தான். தம் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கு உதவியது. உங்கள் விசா என்னவென்று உங்களுக்கே தெரியும் என்பதால் அந்த வாதம் உங்களுக்குக் கைகொடுக்காது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருந்தால் மேற்படி தடை பொருந்தாது. டெக்சாஸின் வேட்டை உரிமம் ஆகஸ்ட் 31-உடன் முடிந்துவிடுகிறது. செப்டம்பர் முதல் தேதி புதுப்பிக்காமல் துப்பாக்கி அலமாரியில் இருந்தால் அன்றே தடை திரும்பி வரும். வீட்டுப் பாதுகாப்புக்காக மட்டும் இந்த வழியில் போவதை நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் உரிமம் மனைவியையும் காக்காது.

நண்பரின் யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கடையில் 4473 என்ற படிவத்தில், துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் தாம்தானா என்ற கேள்விக்கு அவர் ‘ஆம்’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அது பொய்யாகிவிடும். தடை உள்ளவருக்காகத் தன் பெயரில் வாங்குவதை 2022-இன் சட்டம் தனிக் குற்றமாக்கி, அதற்கும் 15 ஆண்டுகள் வரை சிறை விதித்திருக்கிறது. அவருடைய கிரீன் கார்டும் அதோடு போகலாம்.

இப்போதைக்கு அலாரம், கேமரா, கதவுக்கு நல்ல பூட்டு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கே கிரீன் கார்டு கிடைத்ததும் விசா காரணமான இந்தத் தடை விலகும். அப்போது உங்கள் பெயரிலேயே நேராக வாங்கலாம். ஒருவேளை ஏற்கெனவே சுடுதளத்துக்குப் போயிருந்தாலோ, துப்பாக்கி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாலோ, அதைப் பற்றி நண்பருக்கோ அலுவலகத்தாருக்கோ வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம். விசா நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன், குடியேற்றச் சட்டமும் அறிந்த குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரை நேரில் சந்தித்து விடுங்கள்.