'ஃபைட் வித்' என்றால் யாரோடு, யாருக்கு எதிராக?

அண்ணே, 'ஃபைட் வித் ஹிம்' என்றால் அவனோடு சேர்ந்து சண்டையா, அவனை எதிர்த்தா என்று மகள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி, அவளைப் பாராட்டுங்கள். பழைய ஆங்கிலத்தில் 'வித்' என்பதற்கு முதன்மைப் பொருளே 'எதிராக'தான். எதிர்த்து நிற்பதைச் சொல்லும் 'வித்ஸ்டாண்ட்' அந்த மிச்சம். 'உடன்' என்பதற்கு 'மிட்' என்று தனிச்சொல் இருந்தது; ஜெர்மனில் இன்றும் அதேதான். பிறகு 'வித்' அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. மருத்துவச்சிக்கான 'மிட்வைஃப்' என்ற சொல்லில் பழைய 'மிட்' இருக்கிறது: பிள்ளை பெறுபவளோடு இருக்கும் பெண்.

நாமும் 'பங்காளியோடு சண்டை' என்கிறோமே, அதேபோல்தான்.

தேவகோட்டையில் நான் டியூஷன் எடுக்கும் பிள்ளைகள் இடறுவது வேறு இடத்தில். 'வித்' என்றால் 'உடன்' என்று மனப்பாடம் செய்துவிட்டு, ஒரு பையன் 'ஆச்சி அரிவாள்மனையுடன் வெங்காயம் நறுக்கினார்' என்று எழுதியிருந்தான். அங்கே 'அரிவாள்மனையால்' வரவேண்டும். 'லீவ் த கீ வித் ஆச்சி' என்றால் சாவி ஆச்சியிடம். ஓடு, ஆல், இடம் மூன்றுக்கும் ஒரே 'வித்'. அதனால் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணே. எந்த உருபு என்று அவள் காதே சொல்லிவிடும்.