கடைச் சாவியை அவர் கையில் கொடுங்கள்

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு வயது 57. நான்கு மாதங்களுக்கு முன், நுரையீரல் புற்றுநோய்க்காக, நெஞ்சின் பக்கவாட்டில் திறந்து வலது நுரையீரலின் மேல் மடலை அகற்றினார்கள். நோய் பரவவில்லை, மேற்கொண்டு மருந்து வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிடுகிறார். கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். தண்ணீர்ச் செம்பைக்கூட நாங்கள் அவரைத் தூக்க விடுவதில்லை. "இனி என்னால் ஒன்றும் ஆகாது" என்கிறார். பழையபடி ஆவாரா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வலது நுரையீரலில் மூன்று, இடதில் இரண்டு என நமக்கு ஐந்து மடல்கள் உண்டு. அவற்றில் நான்கு உங்கள் கணவரிடம் இருக்கின்றன. எஞ்சிய நுரையீரல் விரிந்து, காலியான இடத்தில் பெரும்பகுதியை நிரப்பிக்கொள்ளும். மூச்சுத் திறன் முழுவதும் பழைய அளவுக்கு வராமல் போகலாம். ஆனால் முதல் சில மாதங்களில் அது படிப்படியாகக் கூடி, அன்றாட வேலைகளுக்குப் போதுமான நிலையைப் பெரும்பாலானவர்கள் எட்டிவிடுகிறார்கள்.

அப்படியானால் நாலு படியில் ஏன் மூச்சு வாங்குகிறது? மூச்சு வாங்கியதும் பயம் வருகிறது, பயத்தில் உட்கார்ந்துவிடுகிறார், உட்கார்ந்தே இருப்பதால் கால் தசைகள் வலுவிழந்து, அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக மூச்சு வாங்குகிறது. நீங்கள் அன்பினால் செம்பை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், தன்னால் முடியாது என்ற அவருடைய எண்ணத்துக்கு ஒரு சாட்சி கூடிவிடுகிறது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இந்த நான்கு மாதங்களும் நீங்கள் எப்படி உறங்கியிருப்பீர்கள் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது.

தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை 1977இல் விளக்கிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, பிறர் சொல்லும் தைரியத்தைவிடத் தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்துக்கே அதிக வலிமை உண்டு என்றார். ஆகவே "உங்களால் முடியும்" என்று பத்து முறை சொல்வதைவிட, முடிகிற ஒரு வேலையை அவரிடம் விட்டுவிடுவது மேல். கடைச் சாவியை அவரிடம் கொடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் அவர் கல்லாவில் உட்காரட்டும், கணக்கு நோட்டும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். அரிசி மூட்டையை மட்டும் அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை தொட வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கடை வாசலில் பீடி பிடிப்பவர்களின் புகையும் அவர்மேல் படாமல் மகன் பார்த்துக்கொள்ளட்டும்.

மாடிப்படிக்கு ஒரு முறை இருக்கிறது. மூக்கால் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, அடுப்பு ஊதுவதுபோல் மெதுவாக வெளிவிட்டபடியே காலை எடுத்து வைக்க வேண்டும். நான்கு படிக்கு ஒரு முறை நிற்கலாம். மூச்சு அடங்கியதும், உட்காராமல் தொடர வேண்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்: சிறு வாக்கியங்களாவது பேச முடிந்தால் வேகம் சரி, ஒரு சொல்லுக்கே திணறினால் குறைக்க வேண்டும். உங்கள் மருத்துவமனையில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி இருந்தால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

தழும்பைச் சுற்றி எரிச்சலோ மரத்துப்போன உணர்வோ இருக்கிறதா என்று அவரைக் கேளுங்கள். விலா எலும்புகளுக்கிடையே ஓடும் நரம்புகள் அறுவையின்போது நசுங்குவதால் இந்த வலி பல மாதங்கள் நீடிக்கலாம். நோய் திரும்பிவிட்டதோ என்று இதைக் கண்டு அஞ்சுபவர்கள் பலர். அஞ்சியே வாய் திறக்காதவர்களும் உண்டு. நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் இருக்கின்றன. ஆனால் சளியில் ரத்தம், காய்ச்சல், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அவருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள். 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஜேம்ஸ் கில்மோர் என்ற 48 வயது மகப்பேறு மருத்துவருக்கு, புற்றுநோய்க்காக இடது நுரையீரல் முழுவதையும் எவார்ட்ஸ் கிரகாம் அகற்றினார். கில்மோர் தம் மருத்துவத் தொழிலுக்கே திரும்பினார். அறுவை செய்த கிரகாம் 1957இல் காலமான பிறகும் வாழ்ந்து, 1963இல்தான் மறைந்தார். அவருக்கு எஞ்சியிருந்தவை மூன்றே மடல்கள்.

இன்று எத்தனை படி ஏறினார் என்பதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரையே குறித்துவரச் சொல்லுங்கள். அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.