தேடுபொறி ஏன் சொன்னபடி கேட்பதில்லை? – கேள்வி பதில்

தேடுபொறி நிறுவனம் ஒன்றின் அட்டவணைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தேன். எந்த நிறுவனம், ஏன் வெளியே வந்தேன் என்பதெல்லாம் இன்றைக்கு வேண்டாம். “தேடினால் கிடைப்பதில்லை” என்று பலரும் புலம்புவதால் இந்த இரண்டு மணி நேரம். உங்கள் தளத்தை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும் வழியைக் கேட்பவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

பழைய மோடம்: முன்பெல்லாம் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி போட்டால், அந்தச் சொல் உள்ள பக்கங்கள் மட்டும்தான் வரும். அதை ஏன் எடுத்தார்கள்?

கூகுள் அதை எடுத்தது 2011 அக்டோபரில். அந்த ஆண்டு ஜூனில்தான் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தை ஆரம்பித்திருந்தார்கள். நவம்பரில் பார்த்தால், அதே கூட்டல் குறி பிளஸ் பக்கங்களைத் திறக்கும் சாவியாகியிருந்தது. 2019இல் பிளஸை மூடிவிட்டார்கள். குறி மட்டும் திரும்பி வரவில்லை.

குறி போனது வெளிக்காயம்தான், உள்ளே நடந்தது வேறு. பழைய தேடுபொறி, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வரும் பக்கங்களின் பட்டியல் இருக்கும், அதுதான் அட்டவணை. மூன்று சொல் கொடுத்தால் மூன்று பட்டியலிலும் உள்ள பக்கங்களை எடுத்து நீட்டும். மந்தபுத்திதான், ஆனால் நாணயம். பிறகு 2013இல் ஹம்மிங்பேர்ட், 2015இல் ரேங்க்பிரெய்ன், 2019இல் பெர்ட் என்று, கேள்வியின் பொருளை ஊகிக்கும் கூகுள் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதுவரை கட்டளையாக இருந்த சொல் வெறும் ஜாடையாகிவிட்டது. நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, நீங்கள் கேட்க நினைத்ததாக அது நினைப்பதைத் தேடுகிறது. தெளிவில்லாமல், எழுத்துப்பிழையோடு தட்டுபவர்களே அதிகம், அவர்களுக்கு இது வரம். வேண்டியது இன்னதென்று தெரிந்து வருபவருக்குத்தான் தலைவலி. நான்கு சொல் கொடுத்தால் மூன்றை வைத்துக்கொண்டு நான்காவதைக் கழற்றிவிடும். பல நேரம் அந்த நான்காவதுக்காகத்தான் நீங்கள் வந்தே இருப்பீர்கள். முடிவின் அடியில் ஒரு சொல்லைக் குறுக்கே அடித்துக் காட்டியிருந்தால், அதுதான் கழற்றிவிடப்பட்ட சொல்.

மாற்று வழி இரண்டு உண்டு. கட்டாயச் சொல்லை இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். அல்லது முடிவுப் பக்கத்தின் டூல்ஸ் பகுதியில் ‘வெர்பேட்டிம்’ (தட்டியது தட்டியபடி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூட்டல் குறியை எடுத்ததற்குக் கிளம்பிய கூச்சலுக்கு அடுத்த மாதமே கொடுத்த சமாதானம் அது. இன்னும் இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது.

இடைவெளி: மேற்கோள்குறியும் வேலை செய்யவில்லையே ஐயா? அந்தச் சொற்றொடர் இல்லாத பக்கமெல்லாம் வருகிறது.

பெரும்பாலும் வேலை செய்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. சொற்றொடர் பக்கத்தின் தலைப்பிலோ, முகவரியிலோ, படத்துக்குப் பின்னால் எழுதிய மாற்று உரையிலோ இருக்கலாம். கிராலர், அதாவது வலையை ஊர்ந்து பக்கங்களைச் சேகரிக்கும் நிரல், வந்துபோன பிறகு பக்கத்தையே மாற்றி எழுதியிருக்கலாம். நிறுத்தற்குறிகளை அது இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. 2022 ஆகஸ்டிலிருந்து, மேற்கோளில் கொடுத்த சொல் பக்கத்தில் எங்கே வருகிறதோ அந்த வரியையே முடிவில் காட்டப் பார்க்கிறார்கள், அதைக் கவனியுங்கள். இன்னொன்று: ஒரு பக்கமும் பொருந்தாவிட்டால் மேற்கோளைத் தானே கழற்றிவிட்டுத் தேடும். அதை உச்சியில் ஒரு வரியில் சொல்லியும் இருக்கும். யார் படிக்கிறோம்?

தமிழில் தேடுபவர்களுக்கு ஒரு சேதி. மேற்கோளுக்குள் ‘மரம்’ என்று போட்டுவிட்டு ‘மரத்தில்’ வரவில்லையே என்று வருந்தாதீர்கள். வேற்றுமை உருபு ஏறினால் அது வேறு சொல். இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

சிட்டுக்குருவி: ரத்தான விமான டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வரவில்லை. நிறுவனத்தின் தொலைபேசி எண்ணைத் தேடினால் ஒவ்வொரு முடிவிலும் ஒவ்வோர் எண். எது சரி?

தேடல் முடிவில் தெரியும் எந்த எண்ணையும் அழைக்காதீர்கள் அம்மா. பெரிய எழுத்தில் எழுதியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர்கள் விளம்பரம் வாங்கி, நிறுவனத்தின் பெயரைப் போட்டு, தங்கள் எண்ணைக் கொடுக்கிறார்கள். டிக்கெட்டில், நிறுவனத்தின் செயலியில், அல்லது முகவரியை நீங்களே தட்டித் திறந்த தளத்தில் உள்ள எண் மட்டும்தான் எண்.

ராத்திரி ரயில்: முடிவுகளுக்கு மேலே வரும் ஏஐ சுருக்கத்தை எப்படி நிறுத்துவது?

கூகுளில் நிரந்தரமாக அணைக்கும் பொத்தான் கொடுக்கவில்லை. முடிவுகளுக்கு மேலே உள்ள வரிசையில் ‘வெப்’ என்றிருக்கும், சில நேரம் ‘மோர்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதை அழுத்தினால் வெறும் நீல லிங்க்குகள்தான். வேடிக்கை என்னவென்றால், சுருக்கமும் இந்த வடிகட்டியும் வந்தது 2024 மே மாதத்தின் ஒரே நாளில். சீஸ் நழுவாமலிருக்க பீட்சாவில் பசை தடவச் சொன்னதும் அந்த மாதம்தான். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் யாரோ என்றோ அடித்த ஜோக்கை யோசனையாக எடுத்துக்கொண்டது. சுருக்கம் சொல்லும் தொலைபேசி எண்ணையும் அழைக்காதீர்கள்.

மூன்றாம் பக்கம்: ‘கேஷ்’ லிங்க் எங்கே போயிற்று?

கூகுள் சேமித்து வைத்திருந்த பக்க நகலைத் திறக்கும் லிங்க் அது, 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தச் செப்டம்பரில், பக்கத்தைப் பற்றிய விவரங்களுக்குள் பழைய பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினுக்கு ஓர் இணைப்பு வைத்தார்கள். நேராக அங்கேயே போவது சுலபம்.

நீலப்பேனா: டக்டக்கோ தேடுபொறிக்கு மாறினால் பிரச்சினை தீருமா?

கண்காணிப்பு குறையும். முடிவுகள்? வலையைத் தானே ஊர்ந்து பெரிய அட்டவணை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான்: கூகுள், பிங், யாண்டெக்ஸ், பைடு, பிரேவ், சிறிய அளவில் மோஜீக். டக்டக்கோவின் லிங்க்குகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை, ஸ்டார்ட்பேஜ் கூகுளையும் பிங்கையும் நம்பி நடப்பது. பெயர்ப்பலகை வேறு, சரக்கு அதே. உண்மையிலேயே வேறு முடிவு வேண்டுமென்றால் சொந்த அட்டவணை உள்ள இடத்துக்குப் போங்கள்.

வெட்டவெளி: எல்லாரும் தேடுபொறியையே திட்டுகிறீர்கள். கெட்டுப்போனது வலை. குப்பைமேட்டைக் கிளறினால் குப்பைதானே வரும்?

பாதி சரி. முன்பு பிரிண்டர் கோளாறுக்கு விடை தெரிந்தவர் திறந்த தளத்தில் எழுதினார். இன்று அதையே வாட்ஸ்அப் குழுவிலோ டிஸ்கார்டிலோ பத்து நிமிட வீடியோவிலோ சொல்கிறார். பூட்டிய கதவுக்குள் கிராலர் நுழையாது. 2024இல் ரெடிட் கூகுளோடு உரிம ஒப்பந்தம் போட்டது. கொஞ்ச மாதத்தில் மற்ற பெரும்பாலான கிராலர்களுக்குக் கதவைச் சாத்தியது. இதெல்லாம் தேடுபொறியின் அறிவுக்குறைவு இல்லை. ஆனால் குப்பைக்கு உரம் போட்டது யார் என்று நீங்கள் கேட்கவில்லை.

நூலகத்து எலி: பாதி என்ன பாதி? முழுக்க விளம்பரக் காசுதான் சார்.

அந்தப் பயம் புதிதல்ல. விளம்பரத்தில் வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுபவர் பக்கம் நிற்காது என்று 1998இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையின் பின்னிணைப்பில் எழுதினார்கள். எழுதியவர்கள் கூகுளைத் தொடங்கிய செர்கே பிரின்னும் லாரி பேஜும்! பிறகு நடந்ததைக் கண்ணாலேயே பார்த்தோம். விளம்பரத்துக்குப் பின்னால் இருந்த நிறம் 2013 வாக்கில் போய்ச் சின்ன மஞ்சள் சீட்டு வந்தது. 2016இல் அது பச்சையானது. 2020இல் கறுப்பு எழுத்தாகி, மற்ற முடிவுகளோடு கலந்துவிட்டது.

வெட்டவெளி: அப்படியானால் கூகுளில் மட்டும்தானே குப்பை இருக்க வேண்டும்? மற்றதிலும் இருக்கிறதே.

நல்ல அடி. ஜெர்மனியின் லீப்சிக், வைமார் ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பக்கம்தான். கடைப் பொருள்களின் விமர்சனம் கேட்கும் தேடல்கள் 7,392ஐ கூகுள், பிங், டக்டக்கோ மூன்றிலும் ஓராண்டு போட்டுப் பார்த்தார்கள். மேலே வந்த பக்கங்களில் தரகு லிங்க்குகள் (அழுத்தி வாங்கினால் தளத்துக்குக் கமிஷன்) அதிகம், தேடுபொறிக்காகவே செதுக்கிய எழுத்தும் அதிகம். மூன்றுக்கும் அதே வியாதி. தேடுபொறி ஒரு தடவை களை பறித்தால் கொஞ்ச நாள் குறைகிறது, பிறகு முளைக்கிறது.

நூலகத்து எலி: நடுவில் நிற்காதீர்கள் சார், ஒரு பக்கம் சொல்லுங்கள்.

நடுவில் நிற்கவில்லை. தேடுபொறி எதற்கு மதிப்பெண் போடுகிறதோ அதுதான் வலையில் விளையும். நீளமான பக்கம் ஜெயிக்கிறது என்று நம்பினார்கள், ஒரு வரி விடைக்கு இரண்டாயிரம் சொல் பீடிகை எழுதினார்கள். மதிப்பெண் போட்டது யார்? நான் வேலை பார்த்த இடத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள். போதும், இந்த வழக்கை ஒத்திவைக்கிறேன். கேள்விகள் குவிந்து கிடக்கின்றன.

தாமரையிலை: ஏஐ சுருக்கத்தை நிறுத்த முடியுமா?

மேலே ராத்திரி ரயிலுக்குச் சொன்ன பதில்.

கோடைமழை: பழைய கட்டுரைகள் மட்டும் வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘பிஃபோர்’ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஆண்டைப் போடுங்கள். அதற்குப் பிந்தியவை வேண்டுமென்றால் ‘ஆஃப்டர்’. தேதி எப்போதும் சரியாக இருக்காது, பழைய பக்கத்தைத் தூசிதட்டிப் புதுத் தேதி போடுபவர்கள் ஏராளம்.

புதுவரவு: என் கடையின் தளம் ஏன் முதல் பக்கத்தில் வருவதில்லை?

முன்னுரையைப் படியுங்கள்.

அகல்விளக்கு: அந்த ஏஐ சுருக்கத்தை...

‘வெப்’. ‘வெப்’. ‘வெப்’.

சிட்டுக்குருவி: ஐயா, நான் முதலில் கேட்டேனே, நீங்கள் பதில் எழுதுவதற்குள் மேலே இருந்த எண்ணுக்கு அழைத்துவிட்டேன். இன்னும் லைனில் இருக்கிறார்கள். பணம் திருப்பித் தர ஒரு செயலியைப் போனில் ஏற்றச் சொல்கிறார்கள்.

ஏற்றாதீர்கள். இந்த நொடியே அழைப்பைத் துண்டியுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் போனின் இணையத்தையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொருவர் போனிலிருந்து உங்கள் வங்கியைக் கூப்பிட்டு அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கியின் எண் அட்டையின் பின்பக்கம் இருக்கும். அதைத் தேடாதீர்கள்.

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.