மது தொடாதவர்களுக்கு ஜார்ஜிய விருந்தில் இடம் உண்டா?

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். காகசஸ் மலைநாடான ஜார்ஜியாவுக்கு டிசம்பர் 27-இல் புறப்பட்டு ஜனவரி 5-இல் திரும்பும்படி ஒரு ஏஜென்டிடம் முன்பணம் கட்டியிருக்கிறோம். அங்குள்ள 'சுப்ரா' விருந்தைப் பற்றிப் படித்ததிலிருந்து, ஒரு முறையாவது அதில் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். மதுப் பழக்கமும் கிடையாது. "மதுவை மறுத்தால் அவர்கள் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள், இறைச்சி இல்லாமல் அங்கே விருந்தே இல்லை" என்கிறார் ஏஜென்ட். அதற்குப் பதிலாகத் தினமும் இந்திய உணவு, ஒரு 'கலாசார இரவு', திராட்சை மிதிக்கும் அனுபவம் ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறார். அவர் சொல்வது உண்மையா? - ஒரு வாசகி, மதுரை

பதில்: உண்மை இல்லை, அம்மா. ஆனால் அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுப்ரா என்பது நீண்ட மேசையைச் சுற்றி நடக்கும் விருந்து. அதைத் தலைமை தாங்கி நடத்துபவர் தமாடா. அவர் எழுந்து ஒரு பொருளைப் பற்றிப் பேசுவார்: கடவுள், அமைதி, தாய்நாடு, இறந்துபோனவர்கள், குழந்தைகள், வந்திருக்கும் விருந்தினர். பேசி முடித்ததும் எல்லோரும் "கௌமார்ஜோஸ்" என்று சொல்லிக் கோப்பையை உயர்த்துவார்கள். மேசையில் இருப்பவர்களும் அதே பொருளைப் பற்றி ஆளுக்கு இரண்டு வார்த்தை சேர்ப்பார்கள். பிறகு உணவு, பாட்டு, அடுத்த பேச்சு. இப்படியே நள்ளிரவு தாண்டும். தமாடா பேசி முடிப்பதற்கு முன் தானாகக் கோப்பையை வாயில் வைப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. குடிக்க மாட்டோம் என்பதை முதல் வாழ்த்துக்கு முன்பே, வீட்டுக்காரரிடமோ தமாடாவிடமோ சொல்லிவிட வேண்டும். மூன்றாவது சுற்றில் சொன்னால்தான் சங்கடம். மருத்துவக் காரணம் என்று பொய் சொல்லத் தேவையில்லை. "எங்கள் பழக்கத்தில் இல்லை" என்றாலே போதும். உங்களுக்குப் பேரிக்காய் லெமனேட் ஊற்றுவார்கள், அல்லது தார்ஹுன் கீரையில் செய்த பச்சை நிற லெமனேட். இரண்டும் அந்த ஊர்ச் சொந்தச் சரக்கு. வற்புறுத்துகிறவர் எங்காவது ஒருவர் இருப்பார். நெஞ்சில் கை வைத்துச் சிரித்துவிட்டு லெமனேடை உயர்த்துங்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. தமாடா உங்கள் பக்கம் திரும்பி "அலாவெர்டி" என்பார். வாழ்த்துரையை உங்களிடம் ஒப்படைக்கிறார் என்று பொருள். அப்போது "தேங்க் யூ" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் மேசையே ஏமாந்துபோகும். குடிக்காத விருந்தாளியை மன்னிப்பார்கள். பேசாத விருந்தாளியை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. இருவரும் ஆசிரியர்கள், பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது. இருந்தாலும் ஒரு பொருளைத் தருகிறேன். கிழக்கு ஜார்ஜியாவில் உள்ள காகேத்தியின் ராணி கேத்தவான் மதம் மாற மறுத்ததால், பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் ஆணைப்படி 1624-இல் ஷிராஸ் நகரில் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியை அகஸ்தினியத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழைய கோவாவில் இடிந்து கிடந்த அகஸ்தினார் ஆலயத்தில் தொல்லியல் துறை அவற்றைக் கண்டெடுத்தது. 2021 ஜூலையில் இந்திய அரசு அவற்றில் ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்கு அன்பளிப்பாக வழங்கியது. அங்கே கேத்தவான் ஒரு புனிதர். "உங்கள் ராணியை எங்கள் மண் நானூறு ஆண்டு பத்திரமாக வைத்திருந்தது" என்று தொடங்கிப் பாருங்கள். அதற்குமேல் யாரும் உங்கள் கோப்பையைக் கவனிக்கப் போவதில்லை.

இனி உணவு. இறைச்சி இல்லாமல் விருந்தே இல்லை என்பது அந்த ஊர்ச் சமையலறையை எட்டிப் பார்க்காதவர் பேச்சு. லோபியோ என்பது கொத்தமல்லி, பூண்டு, வெந்தயத்துக்கு நெருங்கிய உறவான ஒரு மசாலா எல்லாம் போட்டு மண்சட்டியில் வேகவைத்த ராஜ்மா. கூடவே ம்சாடி என்ற சோள ரொட்டி வரும். கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் எதையும் வால்நட் விழுதோடு பிசைந்து உருட்டினால் ப்காலி. கத்தரிக்காயை வறுத்து, அதே விழுதை உள்ளே வைத்துச் சுருட்டினால் பத்ரிஜானி. கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய் சேர்ந்த கூட்டு அஜப்சந்தாலி. தயிருக்கு மாத்சோனி இருக்கிறது. அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடும் ரொட்டி ஒவ்வொரு தெருவிலும் கிடைக்கும். கின்காலி என்ற கொழுக்கட்டை பெரும்பாலும் இறைச்சிதான்; உருளைக்கிழங்கு, காளான், சீஸ் வைத்ததும் உண்டு, கேட்டு வாங்குங்கள். சீஸ் வைத்துச் சுடும் ரொட்டியான கச்சபுரியில் அஜாரா வகையைத் தொடாதீர்கள், நடுவில் முட்டையை உடைத்து ஊற்றியிருப்பார்கள். ராச்சா பகுதி லோபியோவில் பன்றி இறைச்சி இருக்கும். 'ராச்சுலி' என்று பட்டியலில் கண்டால் விலகிக்கொள்ளுங்கள்.

நீங்கள் போகும் நாட்களில் இன்னொரு வசதி இருக்கிறது. ஜார்ஜியத் திருச்சபை பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 7-இல்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறது. அதற்கு முன் நாற்பது நாள், நவம்பர் 28 முதல் ஜனவரி 6 வரை, நோன்பு. நோன்பில் இறைச்சி, முட்டை, பால் மூன்றும் விலக்கு. ஆகவே உணவகங்களில் நோன்பு உணவுக்குத் தனிப் பட்டியலே வைத்திருப்பார்கள். அதற்கு 'சமர்க்வோ' என்று பெயர். "சைவம்" என்று விளக்கி வாய் வலிப்பதைவிட "சமர்க்வோ" என்ற ஒரு சொல் அதிகம் வேலை செய்யும். சைவம் என்றால் கோழி ஆகுமா என்று கேட்கும் சமையல்காரருக்கும் நோன்பு என்றால் என்னவென்று பாட்டி காலத்திலிருந்து தெரியும்.

இதில் ஒரே ஒரு பொறி இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள். கிறிஸ்துமஸ் நோன்பு, ஈஸ்டருக்கு முந்தைய பெருநோன்பைப் போல அவ்வளவு கடுமையானதல்ல. இதில் சில நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு. பண்டிகை நெருங்க நெருங்க அந்த அனுமதி சுருங்கும். ஆகவே டிசம்பர் கடைசியில் சமர்க்வோ பட்டியலில் மீன் இருக்கலாம். அவர்கள் கணக்கில் அது நோன்பு உணவுதான், உங்களை ஏமாற்றவில்லை. அதனால் "சமர்க்வோ, மீனும் வேண்டாம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: சமர்க்வோ என்று கேட்டால் சீஸ், தயிர், வெண்ணெய் எதுவும் வராது. உங்களுக்குப் பால் பொருள் ஆகும் என்றால், கச்சபுரியையும் மாத்சோனியையும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒரே மூச்சில் சமர்க்வோவும் கச்சபுரியும் கேட்டால் பரிமாறுபவர் குழம்பிப்போய் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். முதலில் நோன்பு உணவு முழுவதையும் சொல்லி முடித்து, பிறகு பாலில் செய்ததைச் சொல்லுங்கள். ஓட்டல் காலைப் பஃபேக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே நோன்பும் இல்லை, விளக்கமும் இல்லை, தட்டைப் பார்த்து எடுக்க வேண்டியதுதான். புத்தாண்டு இரவில் நோன்பை ஓரமாக வைத்துவிடும் வீடுகளும் ஏராளம். அன்று மேசை நடுவில் சத்சிவி இருக்கும்: வால்நட் குழம்பில் வான்கோழி. தேனில் வால்நட் போட்டுக் காய்ச்சிய கோசினாக்கியும் இருக்கும். நம் கடலைமிட்டாய்க்கு அண்ணன் அது, அதை விடாதீர்கள்.

சரி, அந்த விருந்து எங்கே கிடைக்கும்? உண்மையான சுப்ரா காசுக்குக் கிடைக்காது. அது கல்யாணம், ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று ஒரு காரணத்தோடு கூடுவது. காசுக்குக் கிடைப்பதில் அதற்கு மிக அருகில் இருப்பது, காகேத்திப் பகுதியில் ஒரு குடும்பம் நடத்தும் விருந்தினர் இல்லத்தில் இரவு உணவு. சிக்னாகியில் அல்லது தெலாவியில் இரண்டு இரவு தங்குங்கள். அறை பதிவு செய்யும்போதே "இரவு உணவை உங்கள் குடும்பத்தோடு சாப்பிட விரும்புகிறோம், சமர்க்வோ, மது வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். வீட்டுப் பெரியவர் தானாகவே தமாடா ஆகிவிடுவார். அது அவர்களுக்குத் தொழில் அல்ல, சுபாவம்.

உங்கள் ஏஜென்ட் சேர்த்திருக்கும் 'கலாசார இரவு' என்னவென்றும் தெரிந்துகொள்ளுங்கள். பஸ் பஸ்ஸாகக் கொண்டு வந்து இறக்கும் கூடம், காதைக் கிழிக்கும் ஒலிபெருக்கி, இருபது நிமிட நடனம், நடுவில் நம் சினிமாப் பாட்டு. சில இடங்களில் பெல்லி டான்ஸ்கூட ஆட விடுகிறார்கள். அதற்கும் ஜார்ஜியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜார்ஜிய நடனத்தில் 'கார்த்துலி' என்ற ஜோடி ஆட்டத்தில் ஆணின் கை பெண்ணின் ஆடை ஓரத்தில்கூடப் படக்கூடாது. அதைப் பார்க்க வேண்டுமானால், 1945-இல் தொடங்கிய சுகிஷ்விலி குழுவின் நிகழ்ச்சி நீங்கள் இருக்கும் நாட்களில் தலைநகர் திபிலீசியில் இருக்கிறதா என்று விசாரித்து, டிக்கெட்டை நீங்களே வாங்குங்கள்.

பாட்டுக்குக் காசே வேண்டாம். ஜார்ஜியாவின் பல குரல் பாடல் மரபை யுனெஸ்கோ 2001-லேயே சிறப்பித்தது. 'சக்ருலோ' என்ற பாடல், 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் இருக்கிறது. அதே மரபின் வழிபாட்டுப் பாடல்களை ஞாயிறு காலை திபிலீசியின் பழைய நகரத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஆறாம் நூற்றாண்டின் அன்சிஸ்காத்தி தேவாலயத்துக்குப் போங்கள். இசைக்கருவி எதுவும் கிடையாது, மூன்று குரல் மட்டும். பெண்கள் தலையை மூட வேண்டும், பாவாடை வேண்டும். புடவை கட்டிப் போனால் முந்தானையே போதும். சுடிதார் என்றால் சில தேவாலயங்களில் வாசலில் வைத்திருக்கும் துணியை இடுப்பில் சுற்றிக்கொள்ளச் சொல்வார்கள். நாற்காலி வரிசை இருக்காது, நின்றுதான் கேட்க வேண்டும். முழங்கால் வலி இருந்தால் ஓரத்து பெஞ்சில் உட்காரலாம். வழிபாடு நடக்கும்போது செல்போனை வெளியே எடுக்காதீர்கள்.

திராட்சை மிதிக்கும் அனுபவத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. அறுவடை செப்டம்பர், அக்டோபரில் முடிந்துவிடும். டிசம்பர் கடைசியில் கொடியில் இலைகூட இருக்காது. சாறு, மண்ணில் புதைத்த 'க்வெவ்ரி' என்ற பெரிய களிமண் தாழிகளில் மூடி முத்திரையிடப்பட்டு, வசந்தம் வரை உறங்கும். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முறை இது. அந்தத் தாழிகளைப் பார்க்கக் குடிக்க வேண்டியதில்லை. ஒரு சிறிய குடும்ப நிலவறைக்குப் போனால் வாயில் ஒரு சொட்டுப் படாமல் எல்லாவற்றையும் விளக்குவார்கள். டிசம்பரில் மிதிக்க ஏஜென்ட் எந்தத் தோட்டத்துத் திராட்சையைக் கொண்டுவருவார் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது.

முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இந்திய உணவகம், கலாசாரக் கூடம், சாலையோர மதுக்கடை எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று ஏஜென்டுக்குக் கமிஷன் தரும் இடங்கள். சிக்னாகியில் லோபியோ ஆக்கிப் போடும் அம்மாள் தரமாட்டார். அதனால்தான் ஒன்பது இரவும் பன்னீர் பட்டர் மசாலா. இதைக் கேட்க நம் நாட்டில் ஆளில்லை. சுற்றுலா அமைச்சகம் அங்கீகாரச் சான்றிதழ் தருகிறது, யாரும் வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் உங்கள் பாஸ்போர்ட்டே காலாவதியாகிவிடும். முன்பணம் போனாலும் போகட்டும், விமான டிக்கெட்டையும் திபிலீசி ஓட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்லுங்கள்.

விசாவை மட்டும் அவர் கையில் விடாதீர்கள். இந்தியருக்கான மின்விசாவை ஜார்ஜிய வெளியுறவு அமைச்சகத்தின் சொந்த இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். "உறுதி விசா" என்று யாராவது விற்றால் அது வெறும் பேச்சு. விசா கையில் இருந்தும் திபிலீசி விமான நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட இந்தியர்கள் இருக்கிறார்கள், காரணமும் ஒழுங்காகச் சொல்வதில்லை. முப்பதாண்டு பாடம் நடத்தியவர்களைக் கள்ளத்தனமாக வேலை தேடி வந்தவர்களைப் போல நிறுத்திக் கேள்வி கேட்பதைப் பார்த்தால் எரிச்சல் வரும், வந்தாலும் காட்டாதீர்கள். தங்குமிடப் பதிவு, திரும்பும் டிக்கெட், வங்கிக் கணக்கு அறிக்கை, ஓய்வூதிய ஆணை எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருங்கள். 2026 ஜனவரி 1 முதல் மருத்துவ, விபத்துக் காப்பீடும் கட்டாயம். காப்பீட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

கடைசியாகத் தேதி. ஜனவரி 5-இல் திரும்புவது ஏஜென்டின் வசதி. 7-ஆம் தேதி கிறிஸ்துமஸ் அன்று திபிலீசித் தெருக்களில் 'அலிலோ' ஊர்வலம் போகும். வெள்ளை உடையில் குழந்தைகள், கொடிகள், திருவுருவப் படங்கள், வழியெங்கும் பாட்டு. ஏழைகளுக்கென்று மக்கள் தின்பண்டமும் பரிசும் கொடுப்பார்கள். இவ்வளவு தூரம் போய் இரண்டு நாளில் அதைத் தவறவிடாதீர்கள். மாற்றுக் கட்டணம் கட்டியாவது டிக்கெட்டை 8-ஆம் தேதிக்கு மாற்றுங்கள். அதற்கு முன் விசா நாட்களும் காப்பீட்டு நாட்களும் அதுவரை நீள்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.