கல்யாண மண்டபத்தில் திருநங்கையருக்குத் தனிக் கழிப்பறை கட்டலாமா?

கேள்வி: மதுரை ஒத்தக்கடைப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறேன். ஒரு முகூர்த்தத்துக்கு 500 பேர் வரை வருவார்கள். மணப்பெண் அலங்காரம், மெஹந்தி, கரகாட்டம் என்று திருநங்கைகள் வேலைக்கு வருகிறார்கள், விருந்தாளியாகவும் வருகிறார்கள். எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று ஒவ்வொரு தடவையும் சங்கடம். ஆண்கள் பக்கம் 3 கழிப்பறை, 5 யூரினல்; பெண்கள் பக்கம் 4 கழிப்பறை. நடுவில் பாத்திரம் போட்டிருந்த 13 அடிக்கு 8 அடி அறை காலியாகிறது. அதில் 'திருநங்கையர் கழிப்பறை' கட்டலாம் என்று இருக்கிறேன். பெண்கள் கழிப்பறையையே பொதுவாக்கிவிடலாம் என்கிறான் மகன். வருகிற பெண்கள் சும்மா இருப்பார்களா என்கிறார் வீட்டம்மா. எது சரி?

பதில்: அறையைக் கட்டுங்கள். அந்தப் பலகையை மட்டும் மாட்டாதீர்கள்.

'திருநங்கையர் கழிப்பறை' என்று எழுதிய கதவைத் திறக்கிறவர், தான் யாரென்று கல்யாணக் கூட்டம் மொத்தத்துக்கும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பார்த்தால் தெரியாத திருநங்கை அந்தப் பக்கமே வரமாட்டார். ஆணாக வாழும் திருநம்பிக்கு அந்தப் பலகையில் இடமே இல்லை. இன்னொன்று, எப்போதோ ஒருவர் பயன்படுத்தும் அறைக்கு என்ன கதி வரும் என்று மண்டபம் நடத்துகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் பூட்டு, அடுத்த மாதம் விளக்கமாறும் பினாயில் கேனும், அதற்கடுத்த மாதம் உடைந்த சேர்கள்.

உங்கள் மகன் சொல்வதும் வேண்டாம். பெண்கள் பக்கம் இருக்கிற 4 கழிப்பறையே பந்தி முடிந்த நேரத்தில் பற்றாது. அதைப் பொதுவாக்கினால் நஷ்டம் பெண்களுக்குத்தான். பக்கத்துத் தடுப்புக்குக் கீழே ஆறு அங்குலச் சந்து இருக்கும் வரிசைக் கழிப்பறையில் ஆணும் பெண்ணும் கலந்து நிற்பதைத் திருநங்கைகளும் விரும்பமாட்டார்கள். ஆண், பெண் இரண்டு பக்கமும் இருக்கிறபடியே இருக்கட்டும். நடு அறையை, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போகிற இரண்டு முழு அறைகளாக்கி, யாரும் போகலாம் என்று திறந்து விடுங்கள். கைக்குழந்தையோடு வரும் அம்மா, அப்பாவைத் தாங்கிக் கூட்டிவரும் மகள், சக்கர நாற்காலியில் வருகிறவர் எல்லோரும் அதற்குத்தான் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் திருநங்கை ஒருவர் போவதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வீட்டம்மாவிடம் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலை ஞாபகப்படுத்துங்கள். பெட்டிக் கோடியில் இருக்கும் கழிப்பறையில் ஆண், பெண் என்று எழுதியிருக்காது. ராத்திரி முழுக்க எல்லோரும் போய்வருகிறோம். கூரை வரைக்கும் சுவர், ஒருவருக்கு ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள் இருப்பதால் யாருக்கும் கூச்சமில்லை. அதே ஏற்பாடுதான் இங்கேயும். பெண்கள் சொல்லும் குறை பெரும்பாலும் வேறு: ஆண்கள் போய்வந்த பிறகு சீட் நனைந்திருக்கிறது. அது நியாயமான குறை. 'உட்கார்ந்து போகவும்' என்று எழுதி ஒட்டுவதால் ஒன்றும் நடக்காது. ஆண்கள் பக்கம் இன்னும் இரண்டு யூரினல் போட்டுவிடுங்கள். பந்தி நேரத்தில் அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் துடைத்துவிட்டு வரட்டும்.

இனி அளவு. 13 அடி நீளத்தை நாலரை அங்குலச் சுவர் ஒன்றால் பிரித்தால், ஒருபக்கம் 7½ அடிக்கு 8 அடி, மறுபக்கம் 5 அடிக்குச் சற்றுக் கூட. பெரிய அறையில் வெஸ்டர்ன், சின்னதில் இந்தியன். சக்கர நாற்காலி உள்ளே ஒரு சுற்றுத் திரும்ப 5 அடி விட்டம் காலியாக வேண்டும். அதனால் பெரிய அறையில் வாஷ்பேசினைச் சுவரில் மாட்டுங்கள், கீழே தூண் வைத்தது வேண்டாம். நிலை வைக்கும்போதே கதவு திறந்த வழி 3 அடி கிடைக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். நடைபாதை குறுகலாக இருந்தால் கதவு போகிறவர் மேல் இடிக்கும். அங்கே நிலையை ஓரடி உள்ளே தள்ளி வையுங்கள்.

சுவர் மேல்தளத்தைத் தொடவேண்டும். ஏழு அடியோடு நிறுத்தி, மேலே காற்றுக்கு விட்டால் போதும் என்று கொத்தனார் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். போனைத் தூக்கிப் பிடிக்க அந்த இடைவெளி போதும். ஆனால் சுவரை அடைத்ததும் காற்று நின்றுவிடும் என்பதும் உண்மை. எனவே அறைக்கு ஒரு 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். கதவின் அடியில் அரை அங்குலம் விட்டால்தான் அது இழுக்கும். அதற்கு மேல் சந்து வேண்டாம். வென்டிலேட்டரின் அடிவிளிம்பு தரையிலிருந்து 7 அடிக்கு மேலே, வெளியே ஏறி நிற்கத் திண்ணையோ தண்ணீர்த் தொட்டியோ இல்லாத பக்கமாக இருக்கட்டும். கண்ணாடி தெளிவானதாக இருந்தால் ராத்திரி விளக்கு எரியும்போது உள்ளே நிழலாடும். பனிக்கண்ணாடியே போடுங்கள்.

இரண்டு பக்கமும் ஏற்கெனவே குழாய் இருப்பதால் இணைப்பு சுலபம். கழிவுக்கு 4 அங்குலக் குழாய், 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம். வரும் ஆள் எண்ணிக்கை கூடப்போவதில்லை, ஆகவே இந்த இரண்டு அறைக்காக செப்டிக் டேங்கைப் பெரிதாக்க வேண்டாம். தரை ஓட்டம் கதவுக்கு எதிர் மூலையை நோக்கி, 6 அடிக்கு ஓர் அங்குலம். வழுக்காத டைல்ஸ். பட்டுப்புடவையோடு வருகிறவர் பார்ப்பது முதலில் தரையைத்தான். கொசுவம் நனையும் என்றால் திரும்பிப் போய்விடுவார்.

உள்சாமான்களில்தான் பல இடத்தில் கோட்டை விடுகிறார்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு. இரும்புத் தாழ்ப்பாள் ஒரே வருடத்தில் துருப்பிடித்து, சட்டத்தோடு பொருந்தாமல் நின்றுவிடும். கதவு சரியாகப் பூட்டவில்லை என்றால் திருநங்கை ஒருவர் அந்த அறையை நம்பமாட்டார், எந்தப் பெண்ணும்தான். 304 ரக ஸ்டெயின்லெஸ் தாழ்ப்பாளும் கீலும் வாங்குங்கள். வெளியே 'காலி', 'ஆள் உண்டு' என்று பச்சையும் சிவப்பும் காட்டுகிற வகை நல்லது, கதவைத் தட்டி உலுக்குவது நிற்கும். அதில் வெளிப்பக்கம் நாணயத்தால் திருப்பித் திறக்கும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள், அவசரத்துக்கு உதவும். ப்ளைவுட் ஃப்ளஷ் டோர் அடிப்பக்கம் ஊறி உப்பிவிடும். டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) அல்லது ஃபைபர் கதவு போடுங்கள்.

லைட் சுவிட்ச் உள்ளே இருக்கட்டும். வெளியே வைத்தால் விளையாட்டுக்கென்று யாராவது அணைப்பார்கள், உள்ளே இருப்பவருக்கு அது விளையாட்டாக இருக்காது. லைட்டை இன்வெர்ட்டரில் சேருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுப்பதற்குள் இருட்டில் ஒருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

கொக்கி இரண்டு: ஒன்று 5 அடியில், ஒன்று 4 அடியில். கைப்பைக்கும் ஒப்பனைப் பெட்டிக்கும் ஓரடி அகலத்தில் ஒரு கிரானைட் பலகை. வாஷ்பேசினும் கண்ணாடியும் அறைக்குள்ளேயே வேண்டும். முகம் கழுவி, சவரம் தெரிகிற இடத்தில் பவுடரைச் சரிசெய்துகொள்வதைப் பொதுக் கண்ணாடி முன்னால் யாரும் செய்ய விரும்பமாட்டார்கள். ஹெல்த் ஃபாசெட் குழாய் அடிக்கடி அறுந்துபோகும். அதோடு கூட ஒரு சாதாரணக் குழாயும் மக் ஒன்றும் வையுங்கள். தண்ணீர் இங்கே வசதிக்கு மட்டுமல்ல. அறுவை சிகிச்சை செய்துகொண்ட சில திருநங்கைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் சுருங்கியிருக்கும். உட்கார்ந்து, நேரமெடுத்துத்தான் போகமுடியும், பிறகு கழுவியாக வேண்டும். யூரினலைக் காட்டி அனுப்புவது அவர்களுக்கு எந்த உதவியும் இல்லை. வெளியே இடம் கிடைக்காது என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலைக்கு வருகிறவர்களும் உண்டு. சித்திரை வெயிலில் அப்படி இருந்தால் நீர்க்கடுப்பு, கல்லடைப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும்.

மூடியுள்ள பெடல் குப்பைத்தொட்டி இரண்டு அறையிலும் வேண்டும், ஆண்கள் கழிப்பறை ஒன்றிலும் வேண்டும். ஆண்கள் பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். திருநம்பிகளில் பலருக்கு மாதவிடாய் உண்டு. நாப்கினைப் பேப்பரில் சுற்றி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வர வேண்டிய நிலை ஏன்?

அறை எங்கே இருக்கிறது என்பதற்கு உள்சாமானைவிட எடை அதிகம். உங்களுக்கு நடு அறை அமைந்தது நல்லதாகப் போயிற்று. கதவு, கை கழுவும் இடத்தையும் பந்திக்குப் போகும் வழியையும் பார்த்தபடி இருக்கட்டும். பின்பக்கம், ஜெனரேட்டர் ஓரமாக வாசல் வைக்காதீர்கள். ராத்திரி வரவேற்பில் குடித்துவிட்டு நிற்கிற கூட்டம் எங்கே சேரும் என்று உங்களுக்குத் தெரியும். கேமரா வைத்தால் நடைபாதையின் தொடக்கத்தில் வையுங்கள். கதவு திறக்கும்போது உள்ளே தெரிகிற கோணம் கூடாது. சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து 'கேட்டால் திறந்து விடு' என்று சொல்லிவிட்டால் செய்ததெல்லாம் வீண். 'யாருக்கு, எதுக்கு' என்று அவர் ஒரு கேள்வி கேட்டாலே போதும், அந்தம்மா திரும்பிப் போய்விடுவார்.

வேடம் கட்டும் கலைஞர்களுக்கு இந்த அறைகளைக் காட்டாதீர்கள். ஒப்பனைக்கு அரைமணி, முக்கால்மணி ஆகும். வெளியே வரிசை நின்று கதவைத் தட்டும், பழி அவர்கள் மேல் விழும். தாழ்ப்பாளும் ஃபேனும் உள்ள ஒரு சின்ன அறையை அவர்களுக்குத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பலகைக்கு வருவோம். 'கழிப்பறை' என்று மூன்று அங்குல எழுத்து, கீழே 'அனைவருக்கும்', அதன் கீழே ஒன்றில் 'வெஸ்டர்ன், சக்கர நாற்காலிக்கு இடம் உண்டு', மற்றதில் 'இந்தியன்'. பாதி பாவாடை பாதி பேன்ட் போட்ட பொம்மைப் படம் நம் ஊரில் கேலிக்குத்தான் உதவும். ஆள் படத்துக்குப் பதில் கழிப்பறைப் பீங்கான் படம் போடுங்கள்.

இந்த அறை இருக்கிறது என்பதற்காக, பெண்கள் பக்கம் போகிற திருநங்கையை இங்கே திருப்பிவிடக் கூடாது. எங்கே போவது என்பது அவர் விருப்பம். ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்: "அக்கா, லேடீஸ் அந்தப் பக்கம், பொது ரூம் நடுவுல இருக்கு." யாராவது வந்து "உள்ளே ஒரு மாதிரி ஆள் நிக்குது" என்று புகார் சொன்னால், "அவங்க என்ன செஞ்சாங்கம்மா?" என்று கேட்கட்டும். எட்டிப் பார்ப்பது, படம் எடுப்பது, கதவை இடிப்பது என்று ஏதாவது நடந்திருந்தால் அது யாராக இருந்தாலும் வெளியேற்றி 112-க்குப் போன் செய்யவேண்டிய விஷயம். நின்றுகொண்டிருந்தார் என்பது மட்டும் புகாராகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநர்களுக்கு, அதாவது திருநங்கை, திருநம்பி எல்லோருக்கும், தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்க மத்திய, மாநில அரசுகளுக்குச் சொன்னது. 'தனி' என்ற சொல் அங்கிருந்துதான் பலருக்கு மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு 2017-இல் வந்த தூய்மை பாரதம் வழிகாட்டுதல், பொதுக் கழிப்பறையில் ஆண் பக்கமோ பெண் பக்கமோ அவர்கள் விரும்பியதைப் பயன்படுத்தவிட வேண்டும் என்றது. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பொதுமக்களுக்கான எந்த வசதியையும் சேவையையும் அவர்களுக்கு மறுப்பதைத் தடை செய்கிறது. அதன் கீழ் 2020-இல் வந்த விதிகள், நிறுவனங்களின் சமவாய்ப்புக் கொள்கையில் இருபாலருக்கும் பொதுவான கழிப்பறையையே உதாரணமாகச் சொல்கின்றன. தனி அறையைவிடப் பொது அறைக்குத்தான் இப்போது வலு அதிகம்.

தண்ணீர்க் கணக்கு ஒன்று. 500 பேர், ஆளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 8 லிட்டர் என்றாலே 8,000 லிட்டர். மேல் தொட்டி அதற்குத் தாங்காவிட்டால் மத்தியானத்துக்கு மேல் எந்தக் கழிப்பறையும் யாருக்கும் உதவாது. 3, 6 லிட்டர் என்று இரட்டைப் பொத்தான் உள்ள ஃப்ளஷ் டேங்க் போட்டால் கொஞ்சம் மிஞ்சும்.

வேலை முடிந்ததும் பெயின்டர் போன அன்று ராத்திரியே ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஒருவர் உள்ளே விளக்குப் போட்டு நிற்கட்டும், இன்னொருவர் கட்டடத்தைச் சுற்றி வந்து நிழல் தெரிகிறதா என்று பார்க்கட்டும். மெயினை அணைத்து இன்வெர்ட்டர் விளக்கு எரிகிறதா பாருங்கள். ஒரு வாளித் தண்ணீரைக் கதவோரம் கொட்டி, அது மூலைக்கு ஓடுகிறதா வாசலுக்கு வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக உள்ளே தாழ் போடச் சொல்லி, வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தால் திறந்து பாருங்கள். நாணயம் பள்ளத்தில் உட்காரவில்லை என்றால் தச்சருக்கு மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் மாற்றிவிடச் சொல்லுங்கள்.