பாலிஅக்ரிலமைடுக்குப் பதிலாக ஸ்டார்ச் பாலிமர் போட்டால் போதாதா?

கேள்வி: தண்ணீர் சுத்திகரிப்பிலும் பேப்பர் தயாரிப்பிலும் நுண்துகள்களைத் திரட்டப் பாலிஅக்ரிலமைடு சேர்க்கிறார்கள். அது நச்சு என்று படித்தேன். ஸ்டார்ச் என்ற மாவுச்சத்திலிருந்து செய்த பாலிமரை அதற்குப் பதிலாகப் போட முடியாதா?

சில இடங்களில் முடியும், பல இடங்களில் கட்டுப்படியாகாது. பேப்பர் மெஷினைப் பொறுத்தவரை கேள்வியே கொஞ்சம் தடம் மாறியது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தேதான் ஓடுகின்றன. பேப்பர் ஆலையில் கெமிக்கல் டோசிங்கும் கழிவுநீர் பிளாண்டும் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் நச்சு. ஆபத்தானது அக்ரிலமைடு என்ற மோனோமர், அதாவது பாலிமர் சங்கிலியின் ஒற்றைக் கண்ணி. நரம்பைப் பாதிக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பட்டியலிலும் இருக்கிறது. அதே மூலக்கூறுகள் லட்சக்கணக்கில் கோத்துச் சங்கிலியாகிவிட்டால் அந்தக் குணம் போய்விடுகிறது. கவலைப்பட வேண்டியது சங்கிலியில் சேராமல் தங்கிப்போன மிச்ச மோனோமரைப் பற்றித்தான். குடிநீரில் அது லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஐரோப்பிய ஒன்றியம் 0.1 என்று இன்னும் இறுக்கியிருக்கிறது. அமெரிக்காவில் பாலிமரில் மோனோமர் 0.05 சதவீதம், டோஸ் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது உச்சவரம்பு. பெருக்கிப் பாருங்கள், அதே 0.5 மைக்ரோகிராம்தான் வரும்.

மோனோமரும் பாலிமரும் எவ்வளவு வேறு என்பதற்கு ஸ்வீடனில் நடந்த ஒரு சம்பவம் போதும். 1997-இல் ஹாலண்ட்சோஸ் சுரங்கப்பாதை வேலையில் நீர்க்கசிவை அடைக்க அக்ரிலமைடு கலந்த அடைப்புப் பசையைச் செலுத்தினார்கள். முழுதாக இறுகாமல் அது ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகளுக்குக் கால் செயலிழந்தது. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒப்பிடுவதற்காக எடுத்த, சுரங்கத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களின் ரத்தத்திலும் அக்ரிலமைடின் தடயம் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில், மாவுச்சத்துள்ள உணவை அதிகச் சூட்டில் வறுக்கும்போதும் சுடும்போதும் அது தானாகவே உண்டாகிறது என்று தெரிந்து, 2002-இல் அறிவித்தார்கள். ஸ்டார்ச் என்றால் சாது என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

பாலிமரிலேயே ஒரு நிஜமான சிக்கல் உண்டு. கேஷனிக் வகை, அதாவது நேர்மின் சுமை உள்ளது, மீன்களின் செவுளில் ஒட்டிக்கொள்ளும். அதனால் கேஷனிக் பாலிமர் மிஞ்சிய தண்ணீரை ஆற்றில் விடுவது தப்பு.

சரி, ஸ்டார்ச் ஏன் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை? விடை சங்கிலியின் வடிவத்தில் இருக்கிறது. மூலக்கூறு எடை ஒரு கோடி உள்ள பாலிஅக்ரிலமைடில் சுமார் 1.4 லட்சம் அக்ரிலமைடு அலகுகள் வரிசையாக நிற்கின்றன. முழுக்க நீட்ட முடிந்தால் ஒரே மூலக்கூறு 35 மைக்ரான் நீளம் வரும். தண்ணீரைக் கலங்கடிக்கும் களிமண் துகள் பல சமயம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. தண்ணீரில் சங்கிலி சுருண்டுதான் கிடக்கும், ஆனாலும் ஒரு முனையில் ஒரு துகளையும் இன்னொரு முனையில் வேறொன்றையும் பிடித்துத் திரட்ட அந்த நீளம் தாராளம். ஸ்டார்ச்சில் பெரும்பகுதியான அமைலோபெக்டினின் எடை இதைவிட அதிகமாகவே இருக்கலாம், ஆனால் கிளை கிளையாகப் பிரிந்து உருண்டையாகிவிடுவதால் எட்டிப் பிடிக்காது. ஸ்டார்ச்சின் மிச்சப் பகுதியான, நேராக நீளும் அமைலோஸ் குட்டை. அதனால் அதே தெளிவு வர ஸ்டார்ச்சைப் பல மடங்கு கொட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் கொட்டியதில் தண்ணீரோடு தங்கிவிடுவது பாக்டீரியாவுக்குத் தீனி, பிஓடி, அதாவது அதை மக்கவைக்கப் பாக்டீரியா உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவு, ஏறும். எளிதில் மக்குவது நல்ல குணம்தான், ஆனால் டேங்கிலேயே மக்க ஆரம்பித்தால்?

பேப்பரில் கதை வேறு. துணிக்குக் கஞ்சி போடுவதுபோல நாருக்கும் நாருக்கும் நடுவே நின்று தாளுக்கு விறைப்பும் வலுவும் கொடுப்பது ஸ்டார்ச். செல்லுலோஸ் நார் எதிர்மின் சுமை உள்ளது என்பதால் கேஷனிக் ஸ்டார்ச் அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. டன் பேப்பருக்கு 5 முதல் 15 கிலோ வரை போகும். பாலிஅக்ரிலமைடு போவது டன்னுக்குச் சில நூறு கிராம்தான். அதன் வேலை, ஒயர் என்ற சல்லடை வலையில் கூழின் தண்ணீர் வடியும்போது பொடிநாரும் ஃபில்லர் என்ற தாதுப்பொடியும் கூடவே ஓடிவிடாமல் நிறுத்துவது. கிலோ கணக்கில் போவதன் வேலையையும் கிராம் கணக்கில் போவதன் வேலையையும் ஒன்று என்று நினைக்கக்கூடாது. ஸ்டார்ச் சரியாக வேகவில்லை என்றால் நாரில் ஒட்டாமல் ஒயிட் வாட்டரில், அதாவது ஒயரில் வடிந்து மறுபடி பயன்படும் தண்ணீரில், சுற்றும், அப்புறம் சிஸ்டம் முழுக்க வழவழவென்று கிருமிப் படலம். பாலிமர் டோஸ் கூடினால் திரள் பெரிதாகி, தாளை வெளிச்சத்தில் பிடித்தால் மேகம் மேகமாகத் தெரியும்.

ஸ்டார்ச் சங்கிலியில் பாலிஅக்ரிலமைடு கிளைகளை ஒட்டவைத்த கலப்புப் பாலிமரும் உண்டு. செரியம் உப்பைத் தூண்டியாக வைத்துச் செய்வார்கள். ஆய்வுக்கூடத்தில் நல்ல முடிவு தருகிறது. ஆனால் கிளை முழுக்க அக்ரிலமைடுதான், ஆகவே மிச்ச மோனோமரை அதிலும் பார்த்தே ஆகவேண்டும். ‘இயற்கை’ என்ற லேபிளை நம்பி அந்தச் சோதனையை விடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பாலிமர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பலவற்றின் வேர் கரைக்கும் விதத்தில் இருக்கிறது. பவுடரை மொத்தமாகக் கொட்டினால் மேலே பசையாகி உள்ளே காய்ந்த கட்டியாக நிற்கும், எவ்வளவு கலக்கினாலும் கரையாது. சுழலும் தண்ணீரில் மெல்லத் தூவி, 0.1 சதவீத அளவில், மெதுவான வேகத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். அதிவேகக் கலக்கியும் சென்ட்ரிஃப்யூகல் பம்பும் சங்கிலியை அறுத்துவிடும், நீளத்துக்குக் காசு கொடுத்துவிட்டு நாமே வெட்டிப்போட்ட கணக்கு. தரையில் பவுடர் சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கால் வைக்க முடியாத வழுக்கலாகிவிடும். உலர்வாகவே கூட்டி அள்ளுங்கள்.

உங்கள் தண்ணீருக்கு ஸ்டார்ச் ஒத்துவருமா என்பதை ஜார் டெஸ்ட்தான் சொல்லும். ஒரே தண்ணீரை வரிசையாக ஜார்களில் எடுத்து, முதலில் படிகாரம், பிறகு சிலதில் பாலிஅக்ரிலமைடு, சிலதில் கேஷனிக் ஸ்டார்ச், டோஸை மாற்றி மாற்றிப் போடுங்கள். திரள் பெரிதாக இருக்கிறதே என்று மயங்காமல், படிந்தபின் மேலே நிற்கும் தண்ணீரின் கலங்கலையும் பிஓடியையும் அளந்து ஒப்பிடுங்கள். ஸ்லட்ஜ், அதாவது அடியில் படிந்த சேறு, பிழிவதற்கு என்றால், பிழிந்த கட்டியில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்டார்ச் பெரும்பாலும் பின்தங்குவது அந்த இடத்தில்தான்.